குண்டூசி வாய் திறந்தாள்

பட்டறையில் அவளுக்குக் குண்டூசி என்று பெயர். ஒல்லியான ஆளோ என்று நினைத்துவிடாதீர்கள். கதவை ஒருக்களித்துத் திறந்தால் உள்ளே நுழைய முடியாத வாட்டசாட்டம். திரைச்சீலைத் துணியை மடித்துப் பிடிக்கிற குண்டூசிகளைப் பெட்டியில் வைத்துக்கொள்ளாமல் உதட்டில் வைத்துக்கொள்வாள், அதனால் வந்த பெயர். ஒரே சமயத்தில் பதினாறு ஊசி. இருபது என்று சொல்கிறவர்களும் உண்டு. எதையும் கூட்டிச் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது என்பதால் பதினாறோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பதினான்கு வருஷம் இப்படி வேலை பார்த்ததில் அவள் உடம்புக்குள் ஒரு விசித்திரமான ஏற்பாடு நடந்துவிட்டது. கை அசைந்தால் வாய் மூடிக்கொள்ளும். ஊசி இருந்தாலும் மூடும், இல்லாவிட்டாலும் மூடும். கேரட் நறுக்கிக்கொண்டிருக்கும்போது "அடுப்புல என்ன கருகுது?" என்று யாராவது கேட்டால், கேரட்டை நறுக்கி முடித்து, கத்தியைக் கழுவி வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, "அதுவா, சட்டி" என்பாள். அதற்குள் சட்டி போன இடம் தெரியாது. ஆனால் கை சும்மா இருக்கும்போது அவளைப் போலப் பேச ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்தால், எதிர்வீட்டுக்காரர்கள் ரேடியோவை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறப்பார்கள்.

பட்டறை நான்காவது மாடியில். அந்தக் கட்டடத்து லிஃப்ட் ஏறியதைவிட நின்றதுதான் அதிகம். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் அதற்குப் பிடித்தமான ஓர் இடம் உண்டு. அங்கே வந்ததும் ஒரு பெருமூச்சு விட்டு, இனிமேல் உன் பாடு என்று நின்றுவிடும். ஆளுயரத் துணிச்சுருளைக் கட்டிப்பிடித்தபடி குண்டூசி மூன்று முறை அதற்குள் மாட்டிக்கொண்டாள். முதல் முறை அழுதாள். இரண்டாவது முறை தூங்கினாள். மூன்றாவது முறை, மெக்கானிக் வந்து கதவைக் கையளவு விலக்கியபோது, அவருடைய கால்களும் கருவிப் பையும் மட்டும் தெரிந்த அந்த இடுக்கு வழியாக, "அண்ணே, அந்தச் சிவப்பு வயர் எங்க போகுது?" என்று கேட்டாள்.

அவர் சொன்னார். அவள் அடுத்ததைக் கேட்டாள். அதையும் சொன்னார். கையில் வேலை இல்லாத குண்டூசியிடம் மாட்டிக்கொண்டது தன் தலையெழுத்து என்று அவருக்கு அப்போது தெரியாது. லிஃப்ட் சரியாகி, நான்காவது மாடிக்கு வந்து, கதவும் திறந்த பிறகு அவள் வெளியே வர மறுத்துவிட்டாள். "இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்குண்ணே" என்றாள்.

அடுத்த மாதம் லிஃப்ட் மறுபடி நின்றபோது, மெக்கானிக் பையை இறக்கி வைப்பதற்கு முன்பே அவள் மாடிப்படியில் நின்று, "மூணாவது மாடிக் கதவுப் பூட்டுதான். ரெண்டு நாளா மூடும்போது சத்தம் வேற மாதிரி வருது" என்றாள். அவர் அலட்சியமாகத்தான் போய்ப் பார்த்தார். திரும்பி வரும்போது முகத்தில் அந்த அலட்சியம் இல்லை.

"எங்க பயிற்சி நிலையத்துல வருஷத்துக்கு நாலு பேரை அப்ரண்டிஸா எடுக்கறாங்கம்மா. ரெண்டு வருஷப் படிப்பு, அப்புறம் வேலை. எழுதிப் போடுங்களேன். விண்ணப்பம் போடுற அன்னைக்கு வயசு முப்பத்தஞ்சு ஆகியிருக்கக் கூடாது. உங்களுக்கு ஆயிடுச்சா?"

"ஆக இன்னும் பதினெட்டு நாள் இருக்கு."

"விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி பன்னெண்டு நாள்ல வருது" என்றார் அவர்.

இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் என்கிற பேச்சே கிடையாது. அன்று மாலை பட்டறையில் அவள் உதட்டிலிருந்து ஒரு ஊசிகூடத் துணிக்குப் போகவில்லை. ஊசிகளை அப்படியே கவ்விக்கொண்டு ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்து மாடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

தேர்வுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்த அன்று வீடே சமையலறை மேசையைச் சுற்றி நின்றது. வீடு என்றால் நான்கு பேர். குண்டூசி, பஸ் ஓட்டுகிற அவள் கணவன், கணவனின் அப்பா, கணவனின் தங்கை. தங்கைக்குப் பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. அந்த ஒரு வேலை கிடைப்பதற்குள் பதினோரு இன்டர்வியூவுக்குப் போய் வந்தவள் என்பதால், அந்த விஷயத்தில் வீட்டின் நிபுணர் அவள்தான். அவளே கடிதத்தை வாங்கி உரக்கப் படித்தாள்.

"காலையில கணக்குப் பரீட்சை. அது பரவாயில்ல, அண்ணி முழத்தைப் பார்த்தே மீட்டர் சொல்லுவாங்க. மத்தியானம் செய்முறை. சாயந்திரம் இன்டர்வியூ. அன்னைக்கே ரிசல்ட்." அதோடு நிறுத்தியவள் கடிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "அய்யய்யோ."

"என்னடி?"

"'செய்முறைத் தேர்வில் ஒவ்வொரு செயலையும் செய்யும்போதே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மௌனமாகச் செய்பவற்றுக்கு மதிப்பெண் இல்லை.'"

மாமனார் மருமகளின் உதடுகளை ஒருமுறை பார்த்துவிட்டு, "வேற ஏதாவது நல்ல வேலை பார்க்கலாம்மா" என்றார்.

"இருங்கப்பா, ஒத்திகை பார்த்துடுவோம்" என்று தங்கை எழுந்தாள். குளியலறைக் குழாய் மூன்று மாதமாக ஒழுகிக்கொண்டிருந்தது. "அண்ணி, இதைக் கழட்டி மாட்டுங்க. செய்யறதைச் சொல்லிக்கிட்டே செய்யணும். நாங்கதான் பரீட்சை அதிகாரிங்க."

மூன்று அதிகாரிகளும் குளியலறை வாசலில் நெருக்கியடித்து நின்றார்கள். குண்டூசி ஸ்பேனரை எடுத்தாள். வாய் மூடிக்கொண்டது. பத்து நிமிஷம் குளியலறையில் இரும்பு உரசுகிற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. குழாய் ஒழுகுவதும் நின்றுவிட்டது.

"என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள் தங்கை.

குண்டூசி ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "சரி பண்ணிட்டேன்."

"எப்படி?"

"கையால."

தங்கை சுவரில் சாய்ந்துகொண்டாள்.

இன்டர்வியூ ஒத்திகை அடுத்த நாள் நடந்தது. அதில் வேறு விதமான கஷ்டம். பெரிய அதிகாரி வேஷம் தனக்குத்தான் வேண்டும் என்று மாமனார் பிடிவாதம் பிடித்து, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தான் போட முடியவில்லை. ஆனால் மிடுக்குக்குக் குறைவில்லை.

"உலகத்துலயே நீளமான நதி எது?" என்று ஆரம்பித்தார்.

"மாமா, லிஃப்ட்டுக்கும் நதிக்கும் என்ன சம்பந்தம்?"

"ரெண்டும் மேலேருந்து கீழ வருது."

"நதி திரும்ப மேல போகாதே மாமா."

"அந்த வித்தியாசத்தை நீ கண்டுபிடிக்கறியான்னுதான் கேட்டேன். உட்காரு. பாஸ்."

கணவன் மட்டும் இதில் எதிலும் கலந்துகொள்ளாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அவன் நிதானமான ஆள். எவ்வளவு நிதானம் என்றால், அவன் பஸ்ஸைச் சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போய், அடுத்த நிறுத்தத்தில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு அதே பஸ்ஸில் ஏறியிருக்கிறார்கள். கடைசிக் கவளத்தையும் விழுங்கிய பிறகு சொன்னான்: "இது ஒண்ணும் புதுசு இல்லை. எங்களுக்கு பஸ் பழக்கும்போது இதைத்தான் பண்ணாங்க."

"எதை?"

"ஓட்டிக்கிட்டே பேசணும். கண்ணுல படுறது, கை பண்றது, மனசுல நினைக்கிறது, ஒண்ணு விடாம. 'இடது பக்கம் ஒரு பொம்பளை குடையோட நிக்கறாங்க. ரோட்டைத் தாண்டுவாங்களோன்னு நினைக்கிறேன். பிரேக்ல கால் வைக்கிறேன்.' இப்படி ஒரு மாசம். பக்கத்துல வாத்தியார் உட்கார்ந்து கேட்டுக்கிட்டே வருவார். பேச்சு நின்னா வண்டியை ஓரங்கட்டச் சொல்லிடுவார்."

"இதை ஏன்ணா நேத்தே சொல்லலை?"

"நேத்து யாரும் என்னைக் கேக்கலையே."

மறுநாள் காலையிலிருந்து பயிற்சி ஆரம்பமானது. தேர்வுக்குப் பதினாறு நாள் இருந்தது. எந்தப் பொருளைத் தொட்டாலும் பேச வேண்டும் என்பது விதி. முதல் இரண்டு நாள் பார்க்கப் பாவமாக இருந்தது. தோசைக்கரண்டியைப் பிடித்தபடி, "இப்போ... நான்... இதை..." என்று வேர்த்து விறுவிறுத்துப் போவாள். அவள் பேசத் தொடங்கினால் கை நிற்கும், கை அசைந்தால் பேச்சு நிற்கும். பல் துலக்கும்போதும் பேச வேண்டுமா என்று கேட்டதற்கு, விதி விதிதான் என்றாள் தங்கை. அந்த வாரம் குளியலறைக் கண்ணாடியை இரண்டு வேளையும் துடைக்க வேண்டியிருந்தது.

நான்காம் நாள் திடீரென்று அடைப்பு விட்டது. சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தவள், "நூலைக் கோக்கறேன். கோத்துட்டேன். முடிச்சுப் போடறேன். மேல இருக்கிற பொத்தான் வேற நிறம், ஆனா இவருக்கு வித்தியாசம் தெரியாதுன்னு நினைக்கிறேன்" என்று தங்குதடை இல்லாமல் சொல்லிக்கொண்டு போனாள். வீடே கைதட்டியது. கணவன் மட்டும் சட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

அதன் பிறகுதான் வினை ஆரம்பித்தது. திறந்த வாயை மூடுவதற்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்கவில்லை.

ஒரு நாள் தங்கை சூப் வைத்தாள். குண்டூசி ஸ்பூனை எடுத்தாள். "ஒரு வாய் குடிக்கிறேன். உப்பு இல்லை. முகம் மாறாம பார்த்துக்கறேன். நல்லா இருக்குன்னு சொல்லிடலாமான்னு யோசிக்கிறேன்."

"அண்ணி!"

"அவளுக்குக் கோவம் வந்துடுச்சு. ஸ்பூனைக் கீழ வைக்கிறேன்."

பட்டறையில் இன்னும் மோசம். புதுவீட்டுக்குத் திரைச்சீலை போட வந்த ஓர் அம்மாள் முன்னால் அளவு நாடாவை விரித்துக்கொண்டே, "ஜன்னல் அகலம் எழுதறேன். இவங்க எடுத்திருக்கிற ஊதா நிறம் இவங்க சொல்ற பச்சைச் சுவருக்கு ஒத்து வராது. முதலாளி என்னை முறைக்கிறார். நான் நாடாவைச் சுருட்டறேன்" என்றாள். முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த அம்மாளோ ஊதாவைத் தூர வைத்துவிட்டு, "நீயே ஒரு நிறம் சொல்லும்மா. இத்தனை கடை ஏறி இறங்கிட்டேன், ஒருத்தராவது உண்மையைச் சொல்லணுமே" என்றாள். அந்த வாரம் குண்டூசியிடம் மட்டும்தான் துணி பார்ப்போம் என்று படிக்கட்டு வரைக்கும் வரிசை நின்றது. வரிசை தெருமுனையைத் திரும்பியது என்று முதலாளி சொல்வார்; அவர் கொஞ்சம் மிகைப்படுத்துகிற மனிதர்.

இது தொற்றுநோய் போலப் பரவியது. மாமனார் சவரம் செய்துகொண்டே, "கன்னத்துல வழிக்கிறேன். நாற்பது வருஷத்துக்கு முன்னாடி இந்தக் கன்னம் வேற மாதிரி இருந்துச்சுன்னு நினைக்கிறேன்" என்று ஆரம்பித்துவிட்டார். தங்கை பல் டாக்டர் கிளினிக்கில் ஒரு நோயாளியிடம், "டாக்டர் இன்னும் வரலை, வந்துட்டார்னு பொய் சொல்லலாமான்னு பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இது சரிப்படாது" என்று அன்று மாலை வந்ததும் வராததுமாக அவள் சொன்னாள். "செய்முறையில நினைக்கிறதைச் சொல்ல வேண்டாம், அண்ணி. செய்யறதை மட்டும் சொல்லுங்க. திருகைத் திருப்பறேன், மூடறேன். அவ்வளவுதான். மனசுல இருக்கிறது மனசுலயே இருக்கட்டும். எந்த அதிகாரிக்காவது அது பிடிக்குமா? நான் பதினோரு இன்டர்வியூல பார்த்திருக்கேன்."

"சரி" என்றாள் குண்டூசி. அப்போது அவள் கையில் ஒன்றும் இல்லை.

தேர்வு நாளன்று பயிற்சி நிலையத்துக்குப் பத்துப் பேர் வந்திருந்தார்கள். மற்ற ஒன்பது பேரும் இருபது வயதைச் சுற்றியவர்கள். அவளைப் பார்த்ததும் ஒருவன் எழுந்து நாற்காலி கொடுத்து, "உங்க பையன் எந்த வரிசையில இருக்கான்மா?" என்று கேட்டான். "அவன் வரலைப்பா, என்னை அனுப்பிட்டான்" என்றாள். அவளுக்குப் பிள்ளையே கிடையாது; ஆனாலும் அந்தப் பையனின் மரியாதையை வீணாக்க மனம் வரவில்லை.

கணக்குப் பரீட்சை நன்றாகவே போனது. மத்தியானம் ஒரு நீளமான கூடம். பத்து மேசை. ஒவ்வொரு மேசையிலும் லிஃப்ட் கதவின் பூட்டு ஒன்று, கருவிகள், உதிரிபாகம் போட்டு வைக்க ஒரு தகரத் தட்டு. பூட்டைப் பிரித்து, துடைத்து, எண்ணெய் போட்டு, மாட்டி, மூட வேண்டும். இருபத்தைந்து நிமிஷம். மேற்பார்வைக்கு இரண்டு பேர். ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த அம்மாள், அவர்தான் தலைமை. மற்றவர் பரீட்சை அட்டையும் பென்சிலுமாக நடந்துகொண்டே இருந்த மனிதர்.

மணி அடித்ததும் பத்துப் பேரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். சந்தை தோற்றது. முன் மேசையில் ஒருவன், "முதற்கண், மேற்படி பூட்டின் மேல்மூடியினை அகற்றுகிறேன்" என்று மேடைப் பேச்சாளர் கணக்காக முழங்கினான். குண்டூசி நாத்தனார் சொன்னதை நினைவில் வைத்து, செய்வதை மட்டுமே சொன்னாள். "நாலு திருகையும் கழட்டறேன். மூடியைத் தூக்கறேன். ஸ்பிரிங்கை எடுத்துத் துடைக்கிறேன்." அவள் கை பற்றிச் சொல்லவே வேண்டாம். வழுக்குகிற பட்டுத் துணியில் பதினான்கு வருஷம் மடிப்பு வைத்த கைக்கு இரும்பு எம்மாத்திரம். பதினேழாவது நிமிஷத்தில் பூட்டு மூடியாகிவிட்டது. பூட்டின் நாக்கை உள்ளே தள்ளி விட்டுப் பார்த்தாள். க்ளிக் என்று வெண்ணெய் மாதிரி போய் உட்கார்ந்தது. கூடத்தில் முதலில் முடித்தது அவள்தான்.

அப்போதுதான் தகரத் தட்டைப் பார்த்தாள். தட்டில் ஒரு வாஷர் மிச்சம் இருந்தது. சட்டைப் பொத்தான் அளவு, நடுவில் ஓட்டை.

நாத்தனார் சொன்னதெல்லாம் காற்றில் போனது. கையில் ஸ்பேனர் இருக்கிறதே!

"ஒரு வாஷர் மிச்சம் இருக்கு" என்று அவள் வாய் சொன்னது. "எங்கயோ ஒண்ணை விட்டுட்டேன்னு பயமா இருக்கு. யாராவது பார்க்கிறாங்களான்னு பார்க்கிறேன். கண்ணாடி அம்மா ஜன்னல் பக்கம் பார்க்கிறாங்க. அட்டைக்காரர் அந்தக் கோடியில இருக்கார். இதை உள்ளங்கையில மறைச்சு ஹேண்ட்பேக்ல போட்டுடலாம்னு நினைக்கிறேன்."

பக்கத்து மேசைக்காரன் திரும்பிப் பார்த்தான். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இப்போ பார்த்துட்டாங்க. பார்த்ததுக்காக இல்லை, நினைச்சதுக்கு வெக்கமா இருக்கு. வாஷரை வெளிச்சத்துல வைக்கிறேன். மூடியை மறுபடி கழட்டறேன். எட்டு நிமிஷம் இருக்கு. பத்தாதுன்னு தெரியும். கழட்டறேன்."

கழற்றினாள். ஒவ்வொரு திருகாக, ஒவ்வோர் இடமாகப் பார்த்தாள். "இங்க வாஷர் இருக்கு. இங்கயும் இருக்கு. இங்கயும் இருக்கு. எல்லா இடத்துலயும் இருக்கு. அப்போ இது யாரு? எங்கேருந்து வந்துச்சு? எனக்கு இப்போ முன்னைவிடப் பயமா இருக்கு. மூடியை எடுத்து வைக்கிறேன், முதல் திருகு..."

மணி அடித்தது. ஒன்பது மேசையில் பூட்டு ஜம்மென்று மூடியிருந்தது. அவள் மேசையில் மட்டும் மூடி ஒரு திருகில் தொங்கிக்கொண்டிருந்தது.

இன்டர்வியூ அறைக்குள் போகும்போது, இனிமேல் ஆவதற்கு ஒன்றும் இல்லை என்று அவள் தீர்மானித்துவிட்டாள். அந்த நினைப்பே ஒரு மாதிரி நிம்மதியாகக்கூட இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி அம்மாளும் அட்டைக்காரரும். எந்த நதியைப் பற்றியும் அவர்கள் கேட்கவில்லை.

"முதல்ல முடிச்சது நீங்கதான். ஏன் திரும்பப் பிரிச்சீங்க?" என்றார் அம்மாள்.

"ஒண்ணு மிச்சம் இருந்தா எங்கயோ ஒண்ணு குறையுதுன்னு நினைச்சேன் மேடம். திரைச்சீலைன்னா ஒரு வளையம் விட்டுப்போனா துணி தொங்கும், அவ்வளவுதான். இதுல ஆளு போய் வர்றாங்களே."

"எங்க குறைஞ்சுது?"

"எங்கயும் குறையலை. அதனாலதான் இன்னும் பயமா இருக்கு."

அட்டைக்காரர் தொண்டையைச் செருமினார். "அது சரிம்மா. மறைச்சுடலாம்னு நினைச்சேன்னு சொன்னீங்களே, அதை எதுக்குச் சொன்னீங்க? யாரும் கேக்கலையே?"

"கையில ஸ்பேனர் இருந்துச்சு சார்."

இரண்டு பேருக்கும் புரியவில்லை. அவள் ஊசியிலிருந்து ஆரம்பித்து, ஒழுகுகிற குழாய், பஸ் டிரைவர் கணவன், உப்பில்லாத சூப், ஊதாத் திரைச்சீலை என்று எல்லாவற்றையும் சொன்னாள். கை சும்மா இருந்ததால் பேச்சுக்குக் குறைவில்லை. அட்டைக்காரர் பென்சிலைக் கீழே போட்டுவிட்டு, அதை எடுக்கிற சாக்கில் மேசைக்கு அடியிலேயே ரொம்ப நேரம் இருந்தார். அவர் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. அம்மாள் சிரிப்பை அடக்கவே முயலவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வேலையில சேர்ந்த அப்புறமும் இப்படித்தான் பேசுவீங்களா?"

"நிறுத்தத் தெரியலை மேடம். முயற்சி பண்றேன்."

"வேண்டாம்" என்றார் அம்மாள், இந்த முறை சிரிக்காமல். "லிஃப்ட்டு மேல ஏறி நின்னு வேலை பார்க்கிறவங்க என்ன பண்றாங்கன்னு கீழ குழியில நிக்கிறவங்களுக்குக் கண்ணால பார்க்க முடியாது. காதுதான். நான் இருபத்தாறு வருஷம் கீழயும் நின்னிருக்கேன், மேலயும் நின்னிருக்கேன். சரி, வெளியில உட்காருங்க."

ஆறு மணிக்குப் பத்துப் பேரையும் மறுபடி கூடத்துக்கு அழைத்தார்கள். அட்டைக்காரர் ஒரு காலித் தகரத் தட்டை முன்மேசையில் வைத்தார்.

"உங்க ஒவ்வொருத்தர் தட்டுலயும் ஒரு வாஷர் அதிகமா போட்டிருந்தோம். அஞ்சு எங்ககிட்ட வந்துடுச்சு. இவங்க ஒருத்தர் விஷயம் கூடத்துக்கே தெரியும். மத்த நாலு பேர், மிச்சம் இருக்குன்னு எங்ககிட்ட வந்து கொடுத்தாங்க. எங்க ஸ்டோர்ல கண்டிப்பு ஜாஸ்தி. பாக்கி அஞ்சையும் வச்சுட்டீங்கன்னா நல்லது."

ஒருவன் எழுந்து, சட்டைப்பையிலிருந்து எடுத்துப் போட்டான். டிங். இன்னொருவன் காலுறையைக் கழற்றினான். டிங். ஒருவன் பேனா மூடியைத் தட்டினான். ஒருவன் ஜன்னலோரப் பூந்தொட்டிக்குப் போய் மண்ணைக் கிளறினான். ஐந்தாமவன் ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாயைத் திறந்து நாக்குக்கு அடியிலிருந்து எடுத்தான். இன்டர்வியூவில் அவன் எல்லாக் கேள்விக்கும் தலையை மட்டும் ஆட்டினானாம்; ரொம்ப அடக்கமான பையன் என்று அட்டைக்காரர் குறிப்பு எழுதி வைத்திருந்தாராம். முதலில் சிரித்தது அந்தப் பையனேதான். அப்புறம் கூடம் முழுக்கச் சிரிப்பு.

வாஷரை மறைக்காத ஐந்து பேருக்கு நான்கு இடம். அம்மாள் தாளைப் பார்த்து வாசித்தார். முதல் பெயர் அவளுடையது இல்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவதும் இல்லை. குண்டூசி ஹேண்ட்பேக்கின் வாரை இறுக்கிப் பிடித்தாள். நான்காவது பெயரை அம்மாள் இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு யாரும் தன்னை அந்தப் பெயரில் கூப்பிட்டதில்லை என்பதால், யாரோ இன்னொருத்திக்குக் கிடைத்துவிட்டது என்று குண்டூசி நினைத்துக்கொண்டாளாம். பக்கத்து மேசைக்காரன்தான் அவள் தோளைத் தட்டினான். அந்த மேடைப் பேச்சாளனுக்கு மட்டும் இடம் இல்லை. அவன் பூட்டு மூடிய பிறகு திறக்கவே இல்லை. "அடுத்த வருஷமும் வா தம்பி, உனக்கு இருபத்திரண்டுதானே ஆகுது" என்று அம்மாள் சொன்னார்.

வாசலில் காத்திருந்த மூன்று பேருக்கும் அவள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முகத்தைப் பார்த்ததுமே நாத்தனார் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். மாமனார் அதே கோட்டில் நின்று, தான் கேட்ட கேள்வி வந்ததா என்று மட்டும் கேட்டார். வந்தது என்றாள் மருமகள், அவர் மனம் நோகாமல் இருக்க. கணவன் அவளுடைய ஹேண்ட்பேக்கை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

பயிற்சி நிலையத்தின் பின்பக்கம், பழகுகிறவர்களுக்காகக் கட்டிய ஒரு கோபுரம் உண்டு. மூன்று மாடி உயரம், உள்ளே லிஃப்ட்டைத் தவிர வேறொன்றும் கிடையாது. வீட்டுக்காரர்கள் ஒரு தடவை பார்க்கலாமா என்று அவள் கேட்டதற்கு, கண்ணாடி அம்மாள் சாவியைக் கொடுத்து அனுப்பினார். நான்கு பேரும் ஏறினார்கள். கதவு மூடியது. லிஃப்ட் அலுங்காமல் குலுங்காமல் மேலே போனது. நடுவில் நின்று பெருமூச்சு விடவில்லை. மூன்றாவது மாடியில் கதவு திறந்தது; இறங்க யாருக்கும் மனமில்லை. கீழே வந்தார்கள். மறுபடி மேலே போனார்கள்.

ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ கீழே கதவு திறந்தபோது, காவலாளி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"எந்த மாடிக்குத்தாங்க போகணும் உங்களுக்கு?"

"எந்த மாடிக்கும் இல்லைங்க" என்றார் மாமனார். "சும்மா."

காவலாளி லிஃப்ட்டுக்குள் எட்டிப் பார்த்தார். கோட்டுக்குள் அடங்காத ஒரு பெரியவர், பெண்கள் பையைத் தோளில் மாட்டிய ஒரு பஸ் டிரைவர், அழுதுகொண்டே சிரிக்கிற ஒரு பெண், பொத்தான்மேல் விரலை வைத்தபடி தயாராக நிற்கிற இன்னொரு பெண். அவர் அங்கே பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறாராம். அந்தக் கோபுரத்தில் ஒரு தடவைகூட ஏறியதில்லையாம்.

அக்கம்பக்கம் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க" என்று ஏறிக்கொண்டார்.